ஒன்றேகால் மில்லிமீட்டர்

நான்காம் வகுப்பில் என் கணக்கு நோட்டுக்கு அப்பா போட்டுக் கொடுத்த அட்டையை ஒரே வாரத்தில் கிழித்துவிட்டேன். அதற்காக அம்மாவிடம் அடி வாங்கினேன். ஏன் கிழித்தாய் என்று கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்து வருடம் கழித்து, கோயம்புத்தூரில் ஒரு வரைகலை வகுப்பில்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன்.

எங்கள் ஊர் சிவகாசி. அப்பா ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறார். எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் கடையில் பழுப்புத் தாள் வாங்கி நோட்டுக்கு அட்டை போட்டதில்லை. அச்சகத்திலிருந்து வேஸ்ட் ஷீட் வரும். மெஷினில் புது வேலை ஏற்றும்போது இங்க் அளவும் நிறங்களின் இடமும் சரியாக வருவதற்குள் நூற்றுக்கணக்கான தாள்கள் வீணாகும். அதற்கு நல்ல தாளைச் செலவழிக்க மாட்டார்கள். ஏற்கெனவே வீணான தாள்களையே மறுபடி மறுபடி ஓட்டுவார்கள். அதனால் ஒரே தாளில் நான்கைந்து வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். பிஸ்கட் பாக்கெட் மேல் கல்யாணப் பத்திரிகை, அதன்மேல் பட்டாசு லேபிள்.

என் நோட்டு அட்டையில் அடியில் இருந்தது காலண்டருக்கு அடித்த ஒரு குழந்தையின் முகம். மேலே பட்டாசுப் பெட்டிக்கான புலி. புலியின் பற்கள் குழந்தையின் சிரிப்புக்குள் சரியாக உட்கார்ந்திருந்தன. நான் அட்டையைக் கிழித்ததற்குக் காரணம் புலி அன்று, அந்தக் குழந்தையின் உதடுதான். சிவப்பு இடம் மாறி விழுந்திருந்ததால் அதற்கு இரண்டு உதடுகள். ஓர் உதடு சிரித்தது. அதன் பக்கத்திலேயே இளஞ்சிவப்பில் இன்னோர் உதடு, முதலாவது சிரித்து முடிப்பதற்காகக் காத்திருப்பதுபோல இருந்தது.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். இல்லாத ஒரு திகில் படத்துக்குப் போஸ்டர் செய்ய வேண்டும். மண்டை ஓடு, பாழடைந்த பங்களா, ரத்தம் சொட்டும் எழுத்து என்று தெரிந்ததையெல்லாம் அதில் வைத்தேன். மூன்று இரவு கண் விழித்துச் செய்த வேலை அது. ஆசிரியை சுவரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "பேய்ப் படம் என்று புரிகிறது. பயம் வரவில்லை. நீ கடைசியாக எதைப் பார்த்துப் பயந்தாய்?" என்று கேட்டார். நான் அந்த இரண்டு உதடுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதைச் செய்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த உதடு எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். நாம் பார்க்கும் வண்ணப் படம் நான்கு தனித்தனி பிளேட்டுகளால், அதாவது அச்சுத் தகடுகளால் ஆனது: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அச்சகத்தில் நீலம் என்று சொல்வது சயான், சிவப்பு என்று சொல்வது மஜெந்தா. ஒவ்வொன்றும் சிறு சிறு புள்ளிகளாகத் தாளில் விழும். நான்கும் ஒரே இடத்தில் பொருந்தினால் அது முகம். பொருந்துவதை ரெஜிஸ்டர் என்பார்கள். தாளின் ஓரத்தில் சின்னக் கூட்டல் குறிகள் இருக்கும், நான்கு நிறக் கூட்டல் குறியும் ஒன்றாகத் தெரிந்தால் ரெஜிஸ்டர் சரி. அப்பா ஓட்டுவது இரண்டு கலர் மெஷின். நான்கு கலர் வேலை என்றால் தாள் இரண்டு முறை உள்ளே போய் வர வேண்டும். ஆஃப்செட்டில் இங்க்கோடு தண்ணீரும் உண்டு. முதல் முறை போய் வந்த தாள் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் விரிந்துவிடும். மழைக்காலத்தில் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் முறை போகும்போது அது பழைய தாள் இல்லை, முடியளவு பெரிய தாள். அங்கேதான் நிறம் விலகும்.

அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும். அதை வைத்துப் புள்ளிகளைப் பார்த்துத்தான் விலகலைக் கண்டுபிடிப்பார். தமிழில் அதற்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெரிதாகக் காட்டுவதால் அந்தப் பெயர் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். பூதத்தைத் தேடிப் பார்க்கும் கண்ணாடி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அறியாத ஒன்றைப் பார்த்து வரும் அதிர்ச்சி சீக்கிரம் அடங்கிவிடுகிறது. நன்றாகத் தெரிந்த ஒன்று தன் இடத்திலிருந்து மயிரிழை விலகி நிற்கும்போது வரும் பயம் அப்படி அடங்குவதில்லை. இந்த இரண்டு வருடமாக நான் செய்த வேலைகள் எல்லாமே அந்த விலகலைத் தேடியவைதான்.

தேட ஆரம்பித்தபோது முதலில் கையில் கிடைத்தது ஓர் எழுத்து. 1960-இல் வந்த 'சைக்கோ' படத்தின் விளம்பரங்களில் அந்தப் பெயர் குறுக்கே வெட்டப்பட்டு, துண்டுகள் ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்கும். அது படத்துக்காக வரைந்த எழுத்து இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, ராபர்ட் பிளாக்கின் நாவல் அட்டைக்காக டோனி பல்லடினோ என்ற வடிவமைப்பாளர் செய்தது. படத்தின் இயக்குநர் ஹிட்ச்காக் அதன் உரிமையை விலைக்கு வாங்கிப் படத்துக்குப் பயன்படுத்தினார். ஒரு சொட்டு ரத்தம் அதில் இல்லை. தடித்த, சாதாரணமான எழுத்து. வெட்டியதும் விலக்கியதும்தான் வேலை. அதை முதல்முறை உற்றுப் பார்த்த அன்று, எங்கள் ஊர் மெஷின் தானாகச் செய்யும் ஒன்றை ஒருவர் தெரிந்தே செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அதையே தமிழில் செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை. நம் எழுத்துகள் வளைவுகளால் ஆனவை. குறுக்கே வெட்டி நகர்த்தினால் கிழிந்த துணிபோல ஆகின்றன. ஆங்கில எழுத்துக்குச் செய்ததை அப்படியே எடுத்துவந்து தமிழ் எழுத்தின் மேல் போடுவது தவறு என்று அப்போது புரிந்தது. ரத்தம் சொட்டும் தமிழ் எழுத்துகளும் அந்தத் தவறுதான். தமிழ் எழுத்தில் எது விலகினால் பயம் வரும் என்பதைத் தமிழிடமே கேட்க வேண்டும்.

விடை புள்ளியில் இருந்தது. புள்ளி வைத்தால் மெய், எடுத்தால் உயிர்மெய். மெய் என்றால் உடம்பு. புள்ளியோடு நிற்பதுதான் மெய்யின் இயல்பு என்று தொல்காப்பியமே சொல்கிறது. அப்படியென்றால், ஓர் உடம்பின் மேலிருந்து புள்ளியை எடுத்துவிட்டால் அதற்குள் உயிர் வந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த இலக்கணம்தான். ஆனால் அன்று இரவு விடுதியில் அதை நோட்டில் எழுதிவிட்டு விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்பதற்காக. அந்தச் சுவடிகளில் உள்ள மெய்கள் அத்தனையும் புள்ளியில்லாமல் திறந்து கிடக்கின்றன.

'பிணம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். ஆறு தாள்கள். முதல் தாளில் சொல் சரியாக இருக்கிறது. இரண்டாவதில் ம்-மின் புள்ளி கொஞ்சம் மேலே எழும்பியிருக்கிறது. அச்சுப் பிழை என்று தாண்டிப் போகும் அளவுக்குத்தான். மூன்று, நான்கு, ஐந்து என்று புள்ளி ஏறிக்கொண்டே போகிறது. ஆறாவது தாளில் புள்ளி உச்சியில் போய் வட்டமாக நிற்கிறது. கீழே 'பிணம' என்று இருக்கிறது.

உச்சியில் நிற்பதை எல்லோரும் நிலா என்றுதான் நினைத்தார்கள். நான் வரைந்தது சூரியன். இந்த இடத்தில் என் அம்மாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாச்சி இருட்டுக்குப் பயப்பட மாட்டார். நள்ளிரவில் தனியாகக் கொல்லைக்குப் போய்விட்டு வருவார். அவர் பயப்படுவது உச்சிவேளைக்கு. "பன்னிரண்டு மணி வெயிலில் புளியமரத்தடியில் நிற்காதே, முனி நடக்கும் நேரம்" என்பார். நிழல் தரையில் விழாதவர்களிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பார். கரிசல் காட்டு வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு அது புரியும். சீமைக்கருவேலம் அசையாது, காக்கை கத்தாது, தூரத்தில் தார்ச்சாலை தண்ணீர்போல நெளியும். ஏப்ரல் நடுவில் ஒரு நாள் சூரியன் எங்கள் ஊரின் நேர் தலைக்கு மேலே வரும், நட்டு வைத்த குச்சிக்குக்கூட நிழல் இருக்காது. அம்மாச்சியின் கணக்குப்படி அன்று பகல் எல்லோருமே பேச்சுக் கொடுக்கக் கூடாதவர்கள்.

திகில் என்றாலே கறுப்பு என்று பழகிவிட்டோம். அதனால் அந்த ஆறு தாள்களிலும் கறுப்பைத் தவிர்த்தேன். எழுத்து வெளிர் காவி நிறம், பின்னணி பால் வெள்ளை. கண் கூசும் வெள்ளை வேண்டும் என்பதற்காகப் பளபளப்பில்லாத தாளை ஒதுக்கிவிட்டு ஆர்ட் பேப்பரில் அடித்தேன். 1920-இல் ஜெர்மனியில் எடுத்த 'டாக்டர் கலிகாரி' படத்தில் செட்டின் தரையிலும் சுவரிலும் நிழல்களைத் தூரிகையால் வரைந்துவிட்டார்கள். விளக்கு எங்கிருந்தாலும் நிழல் தன் இஷ்டப்படி கிடக்கும். அதைப் படித்த பிறகு, ஆறாவது தாளில் 'பிணம' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு நீண்ட மாலை நேர நிழலை வரைந்தேன், சூரியன் உச்சியில் இருக்கும்போதே. சுவரில் மாட்டியபோது முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் மட்டும் திரும்ப முதல் தாளுக்குப் போனார்கள்.

அடுத்தது காலண்டர். இதைப் பற்றி எழுதத்தான் ஆறு மாதமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

தினசரிக் காலண்டர் எங்கள் ஊரின் பெரிய தொழில்களில் ஒன்று. தமிழ்நாட்டில் எந்த வீட்டுச் சுவரிலும் அது இருக்கும். தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், குளிகை, எமகண்டம். எமனின் பெயரைத் தாங்கிய ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு நாளும் நம் கண் முன்னால் அச்சாகித் தொங்குகிறது. பார்த்துப் பார்த்து அந்தச் சொல்லே நமக்கு உறைப்பதில்லை. ஞாயிறு என்றால் 12 முதல் 1.30, திங்கள் என்றால் 10.30 முதல் 12. கிழமைக்கு ஒரு நேரம், என்றைக்கும் மாறாது.

மாறினால்? தினமும் 45 நிமிடம் கூடினால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் 90 நிமிடம். அதன் பிறகு முப்பது நாள், நாளுக்கு 45 நிமிடம் என்றால் 1,350 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 1,440. முப்பத்தொன்றாம் நாள் சரியாக 24 மணி நேரமும் எமகண்டம். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த எண் திரையில் வந்ததும் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டேன். நான் கண்டுபிடித்ததுபோல் இல்லை, ஏற்கெனவே அங்கே இருந்ததுபோல் இருந்தது.

முப்பத்தொரு நாள் உள்ள மாதம் வேண்டும். விடுமுறைக்கு வீட்டில் இருக்கும் மே மாதத்தை எடுத்தேன். மே 1 வெள்ளி, எமகண்டம் வழக்கம்போல 3.00 முதல் 4.30. சனிக்கிழமை 1.30 முதல் 3.45. ஞாயிறு 12 முதல் 3. திங்கள் 10.30 முதல் 2.15. முடிவு நேரம் நள்ளிரவைத் தொடும் நாள்களில் தொடக்கத்தைக் காலைப் பக்கமாக இழுத்தேன். நல்ல நேரம் அதற்கேற்பச் சுருங்கி, கடைசி நாள்களில் அந்தத் தலைப்பு மட்டும் நிற்கும், எதிரே ஒன்றும் இருக்காது. மற்றபடி எதையும் தொடவில்லை. அதே எழுத்து, அதே சிவப்பு, பச்சை, அதே மெல்லிய தாள். பிரதோஷம், அமாவாசை எல்லாம் உள்ளபடியே. முப்பத்தொரு தாளையும் வீட்டுக் காலண்டரில் மே மாதத் தாள்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சொருகினேன். அப்பாவுக்கு மட்டும் தெரியும்.

அம்மாவுக்கு ராசி பலன் போதும். தினமும் கிழித்துப் படித்துவிட்டுப் போய்விடுவார். அம்மாச்சி அப்படியில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். அவர் எத்தனையாவது நாள் கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் போயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. கண்டுபிடிக்கவில்லை என்றே நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பெருமாள் கோயிலுக்குப் போவது அவருடைய பல வருட வழக்கம். அன்று போகவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன்.

"ஒன்பது மணிவரை எமகண்டம் போட்டிருக்கிறது, கண்ணு."

"சனிக்கிழமை எமகண்டம் எத்தனை மணிக்கு முடியும் அம்மாச்சி?"

"மூன்று மணிக்கு. எனக்குத் தெரியாதா? இரண்டாம் தேதியே பார்த்துவிட்டேன். தப்பாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் அச்சில் வந்துவிட்டதே, எதற்கு வம்பு?"

ஒரு வாரமாக அவர் வெளியே போவது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எமகண்டம் நீளும் அளவுக்கு அவருடைய நாள் சுருங்கியிருக்கிறது. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து அடுத்த வேலையை வரைந்துகொண்டிருந்தேன். அந்தக் கணம் எனக்குக் கை நடுங்கியது உண்மை. நான் அச்சடித்தது ஒரு மனிதரின் காலைக் கட்டியிருக்கிறது என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அச்சுக்கு இருக்கும் அந்த வலிமையைப் பற்றி எந்த வகுப்பிலும் இத்தனை தெளிவாக நான் படித்ததில்லை. படம் பார்க்கிறவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு பயப்பட வருகிறார். அம்மாச்சி அப்படி வரவில்லை, அவர் சுவரில் நான் பயத்தை மாட்டிவிட்டேன்.

அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மீதித் தாள்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திருப்பினார். முப்பத்தொன்றாம் தேதியில் நல்ல நேரத்துக்கு எதிரே இருந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நன்றாகச் செய்திருக்கிறாய். இதை வீட்டில் வைக்காதே" என்றார். மறுநாள் காலை பழைய மே மாதத் தாள்களை நானே பிசின் தடவி ஒட்டினேன். என் தாள்கள் இப்போது கோயம்புத்தூரில் விடுதிப் பெட்டியில் இருக்கின்றன. துறையின் சுவரில் மாட்டும்போது, இது வடிவமைப்பு மாணவியின் வேலை என்று முதலில் எழுதித்தான் மாட்டுவேன்.

கடைசி வேலை அந்த இரண்டு உதடுகள்.

எங்கள் ஊர்க் காலண்டர்களில் சாமிகளும் குழந்தைகளும் நம்மை நேராகப் பார்ப்பார்கள். கோவில்பட்டியில் இருந்த கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போன முகங்கள் அவை. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர் அவர். எந்த மூலையில் உட்கார்ந்திருப்பவரையும் பார்க்கும் கண்ணை வரையத் தெரிந்தவர். எனக்கு அப்படி ஒரு பார்வை வேண்டும், ஆனால் சாமி முகத்தைத் தொட எனக்கு விருப்பமில்லை. வேறு யாருடைய குழந்தையின் படத்தையும் எடுக்கக் கூடாது. அதனால் என் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்த படத்தை எடுத்தேன். கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு, கண்ணில் மை, நேரான பார்வை, வாய் நிறையச் சிரிப்பு.

கோயம்புத்தூரில் பிரிண்டரில் எடுத்த மாதிரிகளில் பின்னணிக் கறுப்பு சாம்பல்போல வெளிறி வந்தது. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "கறுப்பைத் தனியாக அடித்தால் அப்படித்தான் இருக்கும் பாப்பா. அடியில் நீலம் கொடு, அப்புறம் பார்" என்றார். நூறு சதவீதக் கறுப்புக்கு அடியில் அறுபது சதவீத நீலம் வைத்தேன். கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல ஆழம் வந்தது.

அச்சகத்தில் முதலாளியிடம் அனுமதி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் எங்களுக்குக் கிடைத்தது. கறுப்பும் நீலமும் முதலில் ஏறின. இரண்டாம் முறைக்குச் சிவப்பு, மஞ்சள் பிளேட்டுகளை மாட்டினார். வழக்கம்போல ஓரத்துக் கூட்டல் குறிகளை ஒன்றாக்கினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இப்போது சிவப்பைத் தள்ள வேண்டும்" என்றேன்.

அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை.

"இருபத்தாறு வருடமாக இது விலகிவிடக் கூடாது என்றுதான் நின்றுகொண்டிருக்கிறேன்" என்றார். கோபம் இல்லை. கையிலிருந்த தாளில் நான் ஒரு வயதில் சிரித்துக்கொண்டிருந்தேன், எல்லா நிறமும் பொருந்தி. அதைக் கெடுக்கச் சொல்லி நானே வந்து நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோட்டு அட்டையைக் கிழித்த கதையை அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு பொட்டைக் காட்டி, "இது எந்த பிளேட்டில் இருக்கிறது?" என்று கேட்டார்.

"கறுப்பில் மட்டும்தான்."

"அப்படியென்றால் சரி. கறுப்பைத் தொட மாட்டேன். பொட்டு இடம் மாறக் கூடாது."

சிவப்பு பிளேட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி அரை மில்லிமீட்டர் தள்ளினார். தாள் வெளியே வந்தது. படம் மங்கியதுபோல இருந்ததே தவிர வேறில்லை. அடுத்து இரண்டு மில்லிமீட்டர். உதடு தனியாகக் கழன்று நின்றது, மெஷின் கோளாறு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஒரு மில்லிமீட்டருக்குத் திரும்பி வந்தோம். குழந்தை சிரித்தது. பக்கத்திலேயே இன்னோர் உதடு தெரிய ஆரம்பித்திருந்தது. கண்ணோரத்தில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு.

அப்பா தாளைப் பலகையில் விரித்து, சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். முதலில் உதட்டைப் பார்க்கவில்லை. பொட்டின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகுதான் வாய்க்கு நகர்த்தினார். நான் ஒன்றும் பேசவில்லை. மெஷின் நின்றிருந்ததால் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"இன்னும் கால் மில்லிமீட்டர் தள்ளட்டுமா?"